என்ன வேணும்

பதினேழு விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால்
நான் வாங்குவதில்லை.
கருவி சொல்லும், நான் படிப்பேன்.
ஏச்செல்லாம் கருவியின் மேல் போகட்டும்.

மாசி மாதம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்து வாசலில்
இரண்டு நாளாய்க் காத்துக் கிடந்த நெல்லில்
பதினான்காவது குவியல் தமயந்தியுடையது.

பார்த்ததும் தெரிந்தது.
ஆறு வருடம் முன்பு, தஞ்சாவூரில், நேர்காணல் அன்று
மை வராத பேனாவை நான் உதறிக்கொண்டிருக்க
பக்கத்து நாற்காலியிலிருந்து ஒன்றை நீட்டியவள்.
நெல் ஏன் அரவையில் உடைகிறது என்று
அவளைக் கேட்டார்கள்.
கதவுக்கு வெளியே எனக்கும் கேட்டது அவள் பதில்:
இரவுப் பனி, பகல் வெயில்,
நெல்மணி விரிந்து சுருங்கி
உள்ளுக்குள்ளேயே வெடிக்கும் கணக்கு.
எனக்கு அது தெரியாது.
என்னைக் கேட்டதும் வேறு:
'சிங்காரவடிவேலுக்கு நீங்க என்ன வேணும்?'

அக்கா மகன் என்றேன்.
டீ வந்தது.

என்ன உறவு என்பதற்கும்
என்ன தேவை என்பதற்கும்
நம்மிடம் ஒரே கேள்விதான்.
வேண்டாமலே ஒருவன் வேண்டியவன்.
எவ்வளவு வேண்டினாலும் மற்றவர்கள்
விண்ணப்பதாரர்கள்.

மாமா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும்.
அப்பா செத்து ஐந்து மாதம், வீடு அடமானத்தில்.
'யாரோ ஒருத்தனுக்குப் போவத்தானே போவுது,
நம்ம புள்ளைக்குப் போனா கசக்குமா?' என்றார்.
கசக்கவில்லை.
கடைமடை ஊர் எங்களது.
மேலே ராத்திரியில் மடையைத் தூக்கி வைத்தவனை
மூன்று தலைமுறையாய் ஏசிய வாய்
அன்று கேசரி தின்றது.

வேலையைக் கற்றுக்கொண்டேன். இந்த ஆறு வருடத்தில்
ஒரு சிப்பம் எடை தவறியதில்லை.
தூக்கம் வராதபோது இதுதான் என் வாதம்.
எதிர்த்தரப்புக்கு ஒரு வரி போதும்:
அந்த ஆறு வருடத்தை அவளுக்கு யார் கொடுத்தார்கள்?

குவளையில் அவள் நெல்லைக் கொட்டினேன்.
பதினேழு புள்ளி ஆறு.

பதினாறு என்று எழுதிவிடலாம்.
ஒரே ஒரு குவியல், யாருக்குத் தெரியப்போகிறது,
பேனாக் கடன் தீரும் என்று நினைத்தேன்.
எழுதப்போன கையைப் பார்த்தேன்.
மாமாவின் கை.

'இன்னொரு தடவை வைங்க' என்றாள்.
'முன்ன வச்சவரு நெல்லு அடியில ஒட்டியிருக்கு, தொடச்சிட்டு.
நடுவுலேர்ந்து அள்ளுங்க.
மேலாக்க எடுத்தா ராத்திரிப் பனிதான் வரும்.'

துடைத்தேன். முழங்கை வரை கையை விட்டு
நடுவிலிருந்து அள்ளினேன்.
பதினாறு புள்ளி எட்டு.

காலையிலிருந்து பதிமூன்று குவியல் அளந்திருந்தேன்,
எல்லாம் மேலாக்க.
திருப்பி அனுப்பிய மூன்று பேரின் நெல்
இந்நேரம் எந்த ரோட்டில் காய்கிறதோ.

தூற்றி, தைத்து, நாற்பது கிலோவாய்
அறுபத்திரண்டு சிப்பம்.
என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்ததா, தெரியாது.
மேசை இழுப்பறையில், தார்ப்பாய் பில்லுக்கு அடியில்,
மச்சினனின் சுயவிவரம் மூன்று வாரமாய்க் கிடக்கிறது.
ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

'வேற என்ன வேணும்?' என்றேன் அவளிடம்.
எதை எதையோ கேட்பாள் என்று
மனம் அதற்குள் பதில்களை அடுக்கத் தொடங்கியிருந்தது.

'ரசீது' என்றாள்.

எழுதிக் கொடுத்தேன்.
கூட்டல் சரியா என்று நின்று பார்த்துவிட்டுப் போனாள்.